குளம்பழுகலும் எட்டடித் தொட்டியும்

தை மாதத்தின் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் காலை, பட்டியின் படலைத் திறந்துவிட்டு எண்ணிக்கொண்டு நின்றபோது, முப்பத்தொன்பது ஆடுகளும் நான்கு காலையும் சமமாக ஊன்றி வெளியேறின. ஐப்பசிக் கடைசியில் இதே வாசல் வழியாக நாற்பத்திரண்டில் பதினேழு ஆடுகள் குளம்பழுகல் நோயால் நொண்டிக்கொண்டு போயின. இடைப்பட்ட பன்னிரண்டு வாரங்களில் நான் செய்தவற்றில் பாதி தவறான வேலை. சரியான வேலையிலும் பாதியைத் தாமதமாகவே செய்தேன். கணக்குப் புத்தகத்தில் தேதி வாரியாகக் குறித்துவைத்திருந்ததால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுத முடிகிறது.

எங்கள் நிலம் கானாடுகாத்தானுக்கும் பள்ளத்தூருக்கும் இடையில், ஒரு சிறு கண்மாயை ஒட்டி இருக்கிறது. மேல்புறம் செம்புறைக்கல் தலைகாட்டும் சரளை மேடு. கீழ்புறம் கண்மாய் வண்டல் படிந்த களிமண். மந்தையில் நாற்பது பெட்டைகளும் இரண்டு கிடாக்களும் உண்டு. பெரும்பாலும் இராமநாதபுரம் வெள்ளை இனம். மூன்று ஆண்டுகளுக்கு முன், எருவை ஒரே இடத்தில் அள்ளலாம், தண்ணீர்த் தொட்டியும் பக்கத்தில் இருக்கும் என்ற கணக்கில், கீழ்புறத்தில் முப்பதுக்கு இருபத்தைந்து அடியில் ஒரு நிலையான பட்டியை அமைத்திருந்தேன். ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், வாலிபத்தில், ஊர் ஊராக ஆடு ஓட்டிச் சென்று இரவில் வயல்களில் கிடை போடும் கீதாரிகளோடு தஞ்சாவூர்ப் பக்கம் வரை நடந்தவர். பட்டி அமைத்த நாளிலேயே அவர் அந்த இடத்தைப் பார்த்து முகம் சுளித்தார். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

புரட்டாசிக் கடைசியில் சந்தையிலிருந்து ஆறு பெட்டைகள் வாங்கி வந்தேன். அவற்றில் ஒன்று பின்னங்காலைச் சற்றுத் தாங்கி நடந்தது. விற்றவர் முள் ஏறியிருக்கிறது என்றார். சீமைக்கருவேலம் மண்டிய இந்தச் சீமையில் அந்தக் காரணத்தை யாரும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வார்கள். நானும் ஏற்றுக்கொண்டு அன்று மாலையே ஆறையும் மந்தையோடு சேர்த்துவிட்டேன். ஐப்பசி இரண்டாம் வாரம் மழை பிடித்தது. நான்கே நாளில் மூன்று ஆடுகள் நொண்டின. ஒன்றின் குளம்பைப் புரட்டிப் பார்த்தபோது உண்மையாகவே முக்கால் அங்குல நீளத்தில் ஒரு கருவேல முள் இருந்தது. அதைப் பிடுங்கி எறிந்த பெருமிதத்தில் மற்ற இரண்டின் காலைத் தூக்கிப் பார்க்கக்கூட இல்லை. ஒரு சரியான முள் எனக்கு இரண்டு வாரத்தை வீணாக்கியது.

முள் இல்லை என்பதைக் கண்டுபிடித்தவர் பெரியவர்தான். கண்மாய்க் கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஐந்தாறு ஆடுகள் முன்னங்கால்களை மடக்கி, முட்டி போட்டபடியே புல்லைக் கடித்துக்கொண்டு நகர்வதைக் காட்டினார். “முள்ளு ஏறுனா ஒரு காலைத் தூக்கிக்கிட்டு நிக்கும் தம்பி. இப்படி முட்டி போட்டு மேயாது. ரெண்டு காலும் போயிருக்கு பாருங்க” என்றார்.

அன்று மாலை ஆடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தோம். பல பெட்டைகள் சினையாக இருந்ததால் மல்லாத்திப் போடாமல், சுவரோரம் நிறுத்தி, மாட்டுக்கு லாடம் பார்ப்பதுபோலக் காலை மட்டும் மடக்கித் தூக்கினோம். முதலில் தூக்கிய கால் இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு நகங்களுக்கும் இடையிலுள்ள தோல் முடி உதிர்ந்து, வெகுநேரம் தண்ணீரில் ஊறிய விரல் நுனி போல வெளுத்திருந்தது. அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு வழவழப்பு. ஈரத் துணியால் துடைத்ததும் கீழே செக்கச்செவேலென்று தெரிந்தது. வெளிப்பக்க நகத்தின் குதி ஓரத்தில் கொம்புப் பகுதி சதையிலிருந்து விட்டுப் பிரிந்து, ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. துடைத்த துணியை மூக்கருகே கொண்டுபோனேன். மீன் கழுவிய தண்ணீரை மூன்று நாள் மூடிவைத்துத் திறந்ததுபோல் இருந்தது. அந்த நாற்றம்தான் குளம்பழுகலின் அடையாளம் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். முள் குத்திச் சீழ் வைத்த காலிலும் நாற்றம் உண்டு. ஆனால் அதில் வீக்கம் ஓர் இடத்தில் திரண்டு சூடாக இருக்கும். இங்கே வீக்கம் அதிகம் இல்லை, பிரிவுதான் இருந்தது.

அன்று எண்ணிக்கை பதினேழு. நொண்டும் ஆட்டின் முதுகில் காவிக்கட்டியால் ஒரு கோடு, காலைத் தரையில் வைக்கவே வைக்காத ஆட்டுக்கு இரண்டு கோடு என்று போட்டேன். வெள்ளை ஆட்டில் காவி எடுப்பாகத் தெரியும். மழையில் கரைந்தாலும் சுவடு நிற்கும். மொத்த வேலையிலும் முதல் நாளே சரியாகச் செய்தது இது ஒன்றுதான்.

மறுநாள் காரைக்குடிக்குப் போய்க் குளம்பு சீவும் வளைகத்தி ஒன்றும் கத்தரி ஒன்றும் ரூ. 900-க்கு வாங்கி வந்தேன். பிரிந்த கொம்பை முழுவதும் வெட்டி எறிந்துவிட்டால் காற்றுப் பட்டு ஆறிவிடும் என்பது என் எண்ணம். இரண்டு நாளில் பதினொரு ஆடுகளுக்குச் சீவினேன். சீவச்சீவப் பிரிவு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நான்கு ஆடுகளுக்கு இரத்தம் வரும்வரை வெட்டிவிட்டேன். அதற்குமுன் மூன்று காலில் நடந்தவை, அதன்பின் படுத்த இடத்தை விட்டு எழவில்லை. ஓர் ஆட்டின் நகத்தில் ஈ உட்கார்ந்து புழுவும் வைத்தது. அந்த நான்கில் ஒன்றுக்கு, நகத்தின் நுனியில் செர்ரிப்பழம் போல ஒரு சதை வளர்ச்சி கிளம்பி இன்றுவரை முழுமையாக அடங்கவில்லை. ஆழமாகச் சீவியதன் நேரடி விளைவு அது. சீவிய துண்டுகளைப் பட்டிக்குள்ளேயே சிதறவிட்டதும், ஒரே கத்தியைத் துடைக்காமல் அடுத்தடுத்த காலில் வைத்ததும் இதற்கு மேல் நான் சேர்த்துக்கொண்ட தவறுகள்.

மூன்றாவது தவறு மயில்துத்தம் என்ற செம்பு உப்பு. உரக்கடையில் மூன்று கிலோ ரூ. 960-க்குக் கிடைத்தது. வீட்டில் கிடந்த கூரைத் தகடு ஒன்றை ஓரம் மடித்து, ஆறடி நீளத் தட்டாக்கி, முப்பது லிட்டர் தண்ணீரில் மூன்று கிலோவையும் கரைத்துப் பட்டி வாசலில் வைத்தேன். முதல் ஆடு தாண்டிக் குதித்தது. அதைப் பார்த்து அடுத்தது. பிறகு மந்தை முழுவதும் ஒரே பாய்ச்சலில் தட்டைக் கடந்தது. நனைந்த காலும் இரண்டு வினாடிதான் நனைந்திருக்கும். மறுநாள் காலை நீலக் கரைசல் வெளிறி, தட்டின் உட்புறம் முழுவதும் கறுத்துச் செம்பட்டை படிந்திருந்தது. தகட்டின் துத்தநாகப் பூச்சு கரைந்து, அதற்கு ஈடாகக் கரைசலிலிருந்த செம்பு தகட்டில் படிந்துவிட்டது. அதாவது மருந்து ஆட்டுக்குப் போகாமல் தகரத்துக்குப் போய்விட்டது.

கார்த்திகை முதல் வாரத்தில்தான் கால்நடை மருத்துவரை அழைத்தேன். முதல் நாளே அழைத்திருக்க வேண்டும். அவர் வந்ததும் காலைத் தொடவில்லை. வாயைத் திறந்து நாக்கையும் ஈறுகளையும் பார்த்தார், காய்ச்சல் அளந்தார், உதடும் முகமும் வீங்கியிருக்கிறதா என்று தடவினார், குளம்புக்கு மேலே முடி தொடங்கும் வளையத்தை அழுத்திப் பார்த்தார். வாயில் கொப்புளம் இருந்தால் கோமாரி. முகம் வீங்கி, நாக்குத் தடித்து, குளம்பு வளையம் சிவந்து, காய்ச்சலோடு நொண்டினால் நீலநாக்கு நோய். கடிக்கும் சிறு பூச்சிகள் பரப்புகிற அது நம் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வரக்கூடியது என்பதால், இவ்விரண்டையும் விலக்காமல் குளம்பில் கை வைக்கக் கூடாது என்றார். இரண்டும் இல்லை என்று உறுதியான பிறகே காலைத் தூக்கிப் பார்த்தார். பார்த்தவுடன் என்னையும் பார்த்தார்.

“முதல்ல அந்தக் கத்தியைக் கொண்டுபோய் உள்ள வைங்க” என்றார். இங்கிலாந்தில் வார்விக் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வுகளில், அழுகிய குளம்பைச் சீவிய ஆடுகளைவிட, சீவாமல் ஊசி மட்டும் போட்ட ஆடுகளே விரைவில் தேறின என்றும், கொம்பு தானாகவே வளர்ந்து உதிர்ந்து சரியாகும் என்றும் சொன்னார். மயில்துத்தத்தைக் கேட்டபோது அவர் முகம் இன்னும் கடுத்தது. மாடு தாங்கும் செம்பைச் செம்மறி ஆடு தாங்காது. நக்கியும் குடித்தும் உள்ளே போனது ஈரலில் சேர்ந்துகொண்டே இருந்து ஒரு நாள் திடீரென்று கொல்லும் என்றார். மீதியிருந்த கரைசலைக் குழி வெட்டி மூடினேன்.

கொம்பு பிரிந்திருந்த ஒன்பது ஆடுகளுக்கு நீடித்துச் செயல்படும் ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசியை அவரே போட்டார். பத்துக் கிலோ எடைக்கு ஒரு மில்லி என்ற அளவில், இருபத்தைந்து கிலோ ஆட்டுக்கு இரண்டரை மில்லி, தசையில் ஆழமாக. நான் வெட்டிக் கெடுத்த நான்குக்கு வலி குறைக்கும் ஊசியும் சேர்ந்தது. எல்லாம் சேர்த்து ரூ. 1,150. விரலிடுக்கு மட்டும் வெந்திருந்த மற்ற எட்டு ஆடுகளுக்கு ஊசி தேவையில்லை, துத்தநாக சல்பேட்டுக் கரைசலில் நிறுத்தினால் போதும் என்றார். “நடத்திக் கூட்டிட்டுப் போறது இல்லைங்க, நிறுத்தணும். பத்து நிமிஷத்துக்குக் குறையக் கூடாது” என்று இரண்டு முறை சொன்னார். தொட்டி கட்டும் யோசனை அங்கிருந்து வந்தது.

நீளமான ஒற்றையடித் தொட்டியா, ஆடுகள் கூட்டமாக நிற்கும் அகலத் தொட்டியா என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. தாண்டிக் குதித்த காட்சி அதற்குள் மறந்துவிடவில்லை. உள்ளளவு எட்டடிக்கு நாலடி, சுவர் உயரம் ஆறு அங்குலம். பத்து ஆடுகள் நெருக்கமாக நிற்கலாம். ஐந்து தடவையில் மந்தை முடியும். சுற்றிலும் மூன்றடி உயரத்துக்குச் சவுக்குக் கம்பு நட்டு, இரு முனையிலும் படல் வைத்தேன். தரைக்குச் செங்கல்லைப் படுக்கவைத்து மேலே கலவை. ஒரு மூலையை நோக்கி அரை அங்குலம் வாட்டம். அந்த மூலையில் இரண்டங்குலக் குழாயும் மூடியும். செங்கல் 250, சிமெண்டு நான்கு மூட்டை, எம்-சாண்ட் ஐம்பது கனஅடி; கொத்தனார், சித்தாள் இருவருக்கும் இரண்டு நாள் கூலி.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் பெரியவரின் சொல் எடுபட்டது. கீழ்புறப் பட்டிக்குப் பக்கத்திலேயே கட்டலாம் என்றிருந்த என்னை, இருநூறு அடி தள்ளிச் சரளை மேட்டுக்குக் கூட்டிப்போனார். காலில் மருந்தோடு வெளியே வரும் ஆடு முதலில் மிதிக்கும் இடம் சேறாக இருந்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும் என்பது அவர் சொன்ன காரணம். அதில் பாதியை மட்டும் கேட்டேன் என்பது பின்னால் தெரியும்.

கொத்தனார் நல்ல வேலைக்காரர். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்த சுண்ணாம்புப் பூச்சில் முகம் பார்க்கலாம் என்று பெருமை பேசும் ஊரில் தொழில் கற்றவர். நான் காரைக்குடிக்குப் போயிருந்த அரை நாளில், ஆட்டுத் தொட்டியின் தரையைச் சிமெண்டுப் பால் விட்டு, கரண்டியால் இழைஇழையென்று இழைத்துக் கண்ணாடி போல ஆக்கிவைத்திருந்தார். அழகாகத்தான் இருந்தது. ஏழு நாள் நீர் தேக்கி ஆறவிட்டுச் சோதனைக்காக வெறும் தண்ணீரில் நான்கு ஆடுகளை இறக்கியபோது, ஒன்று காலை அகட்டிச் சறுக்கி விழ, மற்ற மூன்றும் மிரண்டு அதன் மேலேயே ஏறின. அவரையே மறுபடி அழைத்து, உளியால் இரண்டங்குல இடைவெளியில் தரை முழுவதும் கொத்திவிடச் சொன்னேன். அந்த அரை நாளும் அவர் என்னோடு பேசவில்லை. கூலியும் வாங்க மறுத்துவிட்டார். ஈரம் காயும் முன் தென்னந்துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் முடிந்திருக்கும் வேலை இது; அதைச் சொல்லாமல் போனது என் பிழைதான்.

கரைசலின் அளவைக் காகிதத்தில் கணக்கிட்டபோது இரண்டரை அங்குல உயரத்துக்கு 190 லிட்டர் வந்தது. ஆனால் தரையில் வாட்டம் இருந்ததால் கணக்கை நம்பாமல், பதினைந்து லிட்டர் வாளியால் எண்ணி ஊற்றினேன். ஆழம் குறைந்த முனையிலும் நகம் முழுவதும் மூழ்கும் அளவுக்குப் பதின்மூன்று வாளி, அதாவது 195 லிட்டர் பிடித்தது. அந்த மட்டத்தில் சுவரில் தார் கோடு ஒன்று போட்டுவிட்டேன். பிறகு ஒவ்வொரு முறையும் எண்ண வேண்டியிருக்கவில்லை. பத்துச் சதவீதக் கரைசலுக்குச் சுமார் இருபது கிலோ துத்தநாக சல்பேட். நெல்லுக்குப் போடும் அதே உப்புதான். உரக்கடையில் பத்துக் கிலோ மூட்டையாகக் கிடைக்கிறது, கிலோ ரூ. 90. மூட்டையில் 21 சதவீதம் துத்தநாகம் என்று போட்டதும் உண்டு, 33 சதவீதம் என்று போட்டதும் உண்டு. நான் வாங்கியது 21 சதவீதத்தது. பத்துச் சதவீதம் என்ற அளவு அதற்குத்தான். ஒரு பீப்பாயில் வெந்நீர் விட்டு முதலில் கெட்டியாகக் கரைத்துக்கொண்டு தொட்டியில் ஊற்றிக் கலக்கினால் அடியில் தங்காது.

முதல் முறை கரைத்தது பாழானது. கரைசல் கொம்புக்குள் ஊறுவதற்கு ஏதாவது சோப்புச் சேர்த்தால் நல்லது என்று எங்கோ கேட்டிருந்தேன். துணி துவைக்கும் தூள் அரைக் கிலோவைத் தூவினேன். ஐந்து நிமிடத்தில் தெளிவாக இருந்த தொட்டி மோராகி, பிறகு அடியில் வெள்ளை மாவாகப் படிந்தது. சலவைத் தூளில் இருக்கும் சோடா உப்பு துத்தநாகத்தைக் கரைசலிலிருந்து பிரித்து மண்டியாக்கிவிடும் என்று பக்கத்துத் தோட்டத்துப் பள்ளி ஆசிரியர் விளக்கினார். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் அதோடு போயிற்று. அடுத்த முறை பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஒரு சிறு குவளை மட்டும் ஊற்றினேன். கரைசல் தெளிவாகவே இருந்தது.

கார்த்திகை பாதியில் முதன்முறையாக மந்தை முழுவதையும் கரைசலில் நிறுத்தினோம். அன்றைய எண்ணிக்கை பதினொன்று. ஊசி போட்டதில் ஆறு ஏற்கெனவே தேறியிருந்தன. தாகத்தோடு வந்தால் கரைசலைக் குடிக்கும் என்பதால், ஒரு மணி நேரம் முன்பே வயிறு நிறையத் தண்ணீர் காட்டினோம். தொட்டிக்கு முன்னால் வெறும் தண்ணீர் நிறைத்த பள்ளம் ஒன்றைத் தாண்டி வரும்படி செய்து, காலில் அப்பியிருந்த சேற்றையும் சாணத்தையும் கழுவினோம். இதைச் செய்யாவிட்டால் மூன்றாவது தடவைக்குள் தொட்டியே சாணக் குழம்பாகிவிடும். பத்துப் பத்தாக உள்ளே விட்டுப் படலை அடைத்துக் கைபேசியில் நேரம் வைத்தேன். நன்றாக இருந்த ஆடுகளுக்குப் பத்து நிமிடம், நொண்டியவற்றுக்குப் பதினைந்து. முதல் இரண்டு நிமிடம் தள்ளுமுள்ளு. பிறகு பழைய கூட்டாளிகளைக் கண்டதுபோல ஒன்றன் முதுகில் ஒன்று தாடையை வைத்துக்கொண்டு அசை போடத் தொடங்கிவிட்டன. குட்டிகளை உள்ளே விடவில்லை. கொடாப்பில் அடைத்து வைத்திருந்தோம்.

வாரம் ஒரு முறை என்று இரண்டு முறை முடிந்ததும் எண்ணிக்கை ஆறானது. நான் வெற்றி பெற்றுவிட்டதாகவே எழுதிவைத்திருக்கிறேன். மூன்றாம் வாரம் அது எட்டானது. கூடிய இரண்டும், முதுகில் காவி படாத, அதுவரை நொண்டாத ஆடுகள்.

அன்று இரவு புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். தொட்டியில் பத்து நிமிடம் நிற்கும் ஆடு, அடுத்த அரை மணி நேரத்தில் இருநூறு அடி இறங்கி, அதே கீழ்புறப் பட்டியில் கணுக்கால் சேற்றில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறது. நோயை உண்டாக்கும் டைக்கிலோபாக்டர் நோடோசஸ் என்ற நுண்ணுயிரி குளம்புக்குள் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். ஆனால் வெளியே மண்ணில் ஒரு வாரம், பத்து நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்காது. அதாவது இரண்டு வாரம் ஆடு மிதிக்காத தரை தானாகவே சுத்தமாகிவிடும். என் பட்டியோ மூன்று ஆண்டுகளாக ஒரு நாள்கூட ஆடு மிதிக்காமல் இருந்ததில்லை. தொட்டியில் கொன்றதை ஒவ்வொரு இரவும் பட்டியில் மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தேன்.

பெரியவரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. “கிடையை ஒரே எடத்துல மூணு ராத்திரிக்கு மேல போட்டதே இல்லையே தம்பி. எருவுக்காகத்தான் மாத்துறோம்னு நீங்க நெனச்சீங்க” என்றார். கிடை மாற்றுவது வயல்காரருக்கு எரு கொடுப்பதற்கான ஏற்பாடு என்று மட்டுமே நான் எண்ணியிருந்தேன். ஆட்டின் குளம்பு பழைய சாணியில் நில்லாதிருக்கவும் அதுவே ஏற்பாடாக இருந்திருக்கிறது. எருவை அள்ளும் வசதிக்காக நிலையான பட்டியை அமைத்தபோது அந்த ஏற்பாட்டைத்தான் கலைத்திருக்கிறேன்.

கீழ்புறப் பட்டியை அன்றே பூட்டினேன். மேட்டில் தொட்டியின் வெளிவாசலை ஒட்டி, இரண்டு டிராக்டர் சரளையை ஆறங்குல உயரத்துக்குப் பரப்பிக் கெட்டித்து ஒரு களம் அமைத்தோம், லோடு ரூ. 2,200. தொட்டியிலிருந்து வெளிவரும் ஆடு ஒரு மணி நேரம் அந்தக் களத்தில் நின்று, நகத்தில் மருந்து காய்ந்த பிறகே மேய்ச்சலுக்கோ படுக்கைக்கோ போகும். இரவுக்கு, களத்தின் மேற்கே சரளை மேட்டை மூன்று பகுதியாக்கி, கழற்றி நடக்கூடிய படல்களால் அடைத்து, வாரத்துக்கு ஒரு பகுதி என்று மாற்றினோம். ஒரு பகுதியில் படுத்த ஆடு மறுபடி அங்கே வர நடுவில் பதினான்கு நாள் இடைவெளி கிடைக்கும். நொண்டும் எட்டையும் நான்காவதாக ஒரு தனி அடைப்பில் வைத்து, மந்தை தொட்டியை விட்டு வந்தபின் கடைசியாக அவற்றை இறக்கினோம். கண்மாய் உள்வாயில் மேய்ப்பதையும் மழை நிற்கும்வரை நிறுத்திவிட்டோம். தீவனம் குறைந்ததை வேர்க்கடலைக் கொடியும் அகத்திக் கிளையும் போட்டு ஈடுகட்டினோம்.

இடையில் இன்னொரு மழை. தொட்டிக்குக் கூரை இல்லை. ஓர் இரவில் தார் கோட்டுக்கு மேல் நான்கு விரற்கடை நீர் ஏறி, கரைசல் பாதிக்குப் பாதி நீர்த்துவிட்டது. அந்தக் கரைசலை ஏற்கெனவே இரண்டு முறை பயன்படுத்தியாகிவிட்டதால் நட்டம் பெரிதில்லை. ஆனால் வழிந்தது எங்கே போனது என்று பார்த்தபோது ஊரணிப் பக்கம் சரிவு இருப்பதைக் கண்டு பயந்துவிட்டேன். துத்தநாகம் மீனுக்கு நஞ்சு. அதன்பின் மழைத்தாள் ஒன்றைக் கம்பில் சுருட்டிவைத்து ஒவ்வொரு முறையும் மூடினோம். பழைய கரைசலைக் கழிப்பதற்கு ஒரு வழியும் கிடைத்தது. நெல்லுக்கு எக்டருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் என்பது பரிந்துரை. எங்கள் சம்பா வயல் இரண்டு ஏக்கர், அதற்கு இருபது கிலோ. ஒரு தொட்டிக் கரைசலில் இருப்பதும் அதேதான். மடைவாயில் பீப்பாயை வைத்து, பாயும் நீரோடு நூலாக ஒழுகவிட்டோம். இரண்டாவது தொட்டிக் கரைசலை அதே வயலில் விடாமல், பக்கத்து வயல்காரரிடம் விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தேன். அவர் உர மூட்டை வாங்கும் செலவு மிச்சம் என்று வாங்கிக்கொண்டார்.

மார்கழி மூன்றாம் வாரத்தில் ஆறாவது நிறுத்தம் முடிந்தபோது எண்ணிக்கை மூன்று. அந்த மூன்றும் முதல் நாள் பதினேழில் இருந்தவை. தேறுவதும் மறுபடி நொண்டுவதுமாக இருந்தவை. ஒன்று சந்தையில் வாங்கிய அந்தப் பின்னங்கால் ஆடு. மருத்துவர், இப்படிப்பட்ட ஆடு தன் காலில் அடுத்த மழைக்கான விதையை வைத்துக்கொண்டிருக்கிறது என்றார். மருந்துக் குப்பியில் குறித்திருந்த விலக்கு நாட்கள் முடிந்ததை உறுதிசெய்துகொண்டு, மூன்றையும் இறைச்சிக்குக் கொடுத்துவிட்டேன். வளர்ப்புக்கென்று வேறொருவர் தலையில் கட்ட மனம் வரவில்லை. அதில் ஒன்று இரட்டைக் குட்டி போடும் பெட்டை.

மார்கழிக் கடைசியில் மழையும் ஓய்ந்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தரை காய்ந்தாலே நோய் பாதி அடங்கும். எனவே இந்தத் தேர்ச்சியில் தொட்டிக்கு எவ்வளவு பங்கு, களத்துக்கு எவ்வளவு, வெயிலுக்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது. ஆனால் எண்ணிக்கை எட்டிலிருந்து மூன்றுக்கு இறங்கியபோது இன்னும் மழை பெய்துகொண்டுதான் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் நான் முக்கியமாக மாற்றியது ஆடு நிற்கும், மேயும், படுக்கும் தரையைத்தான்; நொண்டியவற்றைப் பிரித்து வைத்ததும் அப்போதுதான்.

செலவு: தொட்டி கட்ட ரூ. 9,900, சரளை ரூ. 4,400, படலும் கம்பும் ரூ. 3,000, துத்தநாக சல்பேட் நான்கு முறைக்கு ரூ. 7,200, அதில் முதல் முறை வீண். மருத்துவமும் ஊசியும் ரூ. 1,150, மயில்துத்தம் ரூ. 960, கத்தியும் கத்தரியும் ரூ. 900. ஆக மொத்தம் ரூ. 27,510. சந்தையில் நல்ல பெட்டை மூன்றின் விலை. இதில் மருத்துவருக்கும் ஊசிக்கும் போனது கொஞ்சம்தான்; அதையும் கத்திக்கும் மயில்துத்தத்துக்கும் பிறகே செலவழித்தேன் என்பது உறுத்துகிறது. சரளையை மட்டும் புரட்டாசியிலேயே கொட்டியிருந்தால் தொட்டியே தேவைப்பட்டிருக்குமா என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

மறுபடி கட்டினால் வெளியேற்றும் குழாயை மூன்றங்குலமாக வைப்பேன். இரண்டங்குலக் குழாயில் புழுக்கை அடைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் கையை விட்டு எடுக்க வேண்டியிருக்கிறது. சுவரை ஒன்பது அங்குலமாக உயர்த்துவேன். ஆறு அங்குலத்தில் கால் உதைத்தால் கரைசல் வெளியே தெறிக்கிறது. அகலத்தை நாலடியிலிருந்து மூன்றரையாகக் குறைத்தால் ஆடுகள் உள்ளே திரும்ப முடியாமல் நிற்கும், கரைசலும் மிச்சமாகும். தகரக் கூரை கட்டாயம். கத்தியை வாங்க மாட்டேன். மழைக்கு முன் நீண்டு வளைந்த நகம் ஏதாவது இருந்தால், அதன் நுனியை மட்டும் கத்தரியால் நறுக்குவதோடு சரி.

புதிதாக வாங்கும் ஆட்டை இருபத்தெட்டு நாள் தனியே வைக்க வேண்டும் என்பதை இப்போது கடைப்பிடிக்கிறேன். விற்ற மூன்றுக்கு ஈடாகப் போன மாதம் ஒரு கிடா வாங்கினேன். கீழ்புறத்துப் பழைய பட்டிக்கு அப்பால், வேப்பமரத்தடியில் தனியாகக் கட்டியிருக்கிறது. இன்று பத்தொன்பதாம் நாள். நடையில் குறை இல்லை. ஆனால் நேற்று காலைத் தூக்கிப் பார்த்தபோது, இடது பின்னங்கால் விரலிடுக்கில் கட்டைவிரல் நகம் அளவுக்கு முடி உதிர்ந்து ஈரமாக இருந்தது. துணியால் துடைத்து முகர்ந்தோம். நாற்றம் இல்லை என்று நான் சொன்னேன், இலேசாக இருக்கிறது என்று பெரியவர் சொன்னார். வெள்ளிக்கிழமை தொட்டி நிறைக்கிறோம்.